புயல் என்று எழுதிய சட்டை

அந்தக் கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்து அணிக்கென்று யாரும் ஒரு நாளும் சட்டை தைத்ததில்லை. ஆண்கள் அணிக்கு வருஷா வருஷம் புதுச் சட்டை வரும். முதுகில் அவனவன் பட்டப்பெயரை அச்சடித்துப் பளபளவென்று வரும். வருஷம் முடிந்ததும் பழைய சட்டைகளை ஒரு மூட்டையாகக் கட்டி, பெண்கள் உடை மாற்றுகிற அறை வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் பெண்கள் அணிக்குக் கிடைக்கும் மரியாதை. இடுப்பு வரை பின்னல் தொங்குகிற பெண்ணின் முதுகில் ‘மொட்டை’ என்று இருக்கும். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராத பெண்ணின் முதுகில் ‘இடி’ என்று இருக்கும். முதல் வருஷம் அவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், அந்தப் பெயர்களே அவர்களுக்கு நிலைத்துவிட்டன.

நெட்டைக்குக் கிடைத்தது ‘புயல்’. ஆனால் வீட்டில் அம்மாவும் அணியில் தோழிகளும் அவளை நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் அவள் உள்ளே வந்த நாளே கிடையாது. மூட்டையில் அவள் உயரத்துக்கு ஏற்ற நீளத்தில் இருந்தது அந்த ஒரு சட்டைதான். அதுவும் கடையிலிருந்து இப்போதுதான் எடுத்து வந்தது போலப் புத்தம் புதிதாக இருந்தது. காரணம் இருக்கிறது. பழைய புயல், கல்லூரி நிர்வாகக் குழுத் தலைவரின் மகன். ஒப்புக்குச் சப்பாணியாக அணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டவன். எல்லா ஊருக்கும் ஆட்டத்துக்குப் போனான், ஒரு ஆட்டத்திலும் இறங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தவனின் சட்டை எப்படிக் கசங்கும்?

அதைக் கசக்கியவள் நெட்டைதான். அவள் ஆடியது ஃபார்வர்ட் இடத்தில். வளையத்துக்குக் கீழே, முழங்கைகள் பறக்கிற நெரிசலில் நின்று, மற்றவர்கள் தவறவிட்ட பந்தைத் தாவிப் பிடித்து உள்ளே போடுகிற வேலை. அதையும் அவள் கற்றுக்கொண்டது பெண்களுக்கு ஒதுக்கிய வெளி மைதானத்தில். வெயிலில் வெடித்த சிமெண்ட் தரை, ஒரு பக்கம் சாய்ந்த வளையம். விழுந்தால் முட்டியில் தோல் மிஞ்சாது. அந்தத் தரையில் விழுந்து எழுந்துதான் இரண்டாம் வருஷம் கல்லூரியை முதன்முதலாக இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனாள். மூன்றாம் வருஷம் கோப்பையோடு வந்தாள். கடைசி வருஷம் அரையிறுதியில் வலது கைவிரல் முறிந்தது. அதைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இறுதி ஆட்டத்தில் இறங்கினாள். மணியடிக்கப் போகிற நேரத்தில் மொட்டை எறிந்த பந்து பலகையில் பட்டுத் திரும்ப, இரண்டு பேருக்கு நடுவே எம்பி, இடது கையாலேயே தள்ளி உள்ளே போட்டாள். கோப்பை மறுபடியும் வந்தது. அந்தக் கல்லூரியில் ஆணோ பெண்ணோ, அவள் எடுத்த புள்ளிகளையும், பலகையில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்த ரீபவுண்டுகளையும் கிட்ட வந்து தொட்டவர்கள் கிடையாது.

மைதானத்தில் ஒலிபெருக்கிக்காரர் முதுகைப் பார்த்து ‘புயல்’ என்று அலறினார். பத்திரிகைக்காரர்களும் முதுகைப் பார்த்தே ‘புயல்’ என்று எழுதினார்கள். அந்தப் புயலின் முகம் எப்படி இருக்கும் என்று கல்லூரி அலுவலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு நாள் வந்து பார்த்திருக்க வேண்டுமே. முதல்வர் ஒரே ஒரு தடவை வெளி மைதானத்துக்கு வந்தார். கார் நிறுத்துவதற்கு அந்த இடம் தோதுப்படுமா என்று பார்க்க வந்தார்.

இப்போது கல்லூரியில் புதிதாக உள்ளரங்கம் கட்டியிருந்தார்கள். மரத்தரை, கண்ணாடிப் பலகை, குளிர்சாதனம். மரத்தரை நிர்வாகக் குழுத் தலைவர் வீட்டு நன்கொடை. திறப்பு விழா அன்று கல்லூரியின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கு அரங்கச் சுவரிலேயே படம் வரைந்து, சாதனைகளை எழுதி வைப்பதாக ஏற்பாடு.

பயிற்சியாளர் நெட்டையைக் கூப்பிட்டுச் சொன்னார். “துறைமுக அணி அதிகாரி விழாவுக்கு வர்றாரு. அவங்க பொண்ணுங்க அணிக்கு ஒரு ஃபார்வர்ட் வேணுமாம். நிரந்தர வேலை. காலேஜ் மேடையில யாரைக் காட்டுறாங்களோ அவங்களைத்தான் எடுத்துக்கப் போறாரு. உன் சாதனையைப் படிக்கறப்ப நீ எழுந்து நின்னாப் போதும்.”

சந்தோஷத்தில் நெட்டையின் கால் அன்று தரையில் படவில்லை. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். படுக்கை விரிப்புகளோடு மல்லுக்கட்டியே ஆயுளைக் கழிக்கிறவள். எந்த ஆட்டம் நடந்தாலும் அவளுக்கு ஷிப்ட் இருக்கும். அந்த அம்மா இந்த விழாவுக்காக மேற்பார்வையாளரிடம் சண்டை போட்டு லீவு வாங்கினாள். “பொண்ணு மேடை ஏறப் போறா, நான் அழுக்குத் துணி எண்ணிக்கிட்டு இருக்கணுமா?” என்று கேட்டாளாம். வேலை கிடைத்தால் அம்மா அந்தச் சோப்புத் தண்ணீரிலிருந்து கையை எடுத்துவிடலாம் என்பதுதான் இரண்டு பேர் மனசிலும் இருந்தது. வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் நாற்காலி போடுவதற்காகப் பெண்கள் அணியை அரங்கத்துக்கு வரச் சொன்னார்கள். உள்ளே நுழைந்த மொட்டைதான் முதலில் பார்த்தாள். நெட்டையின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நெட்டை, அந்தச் சுவத்தைப் பாரேன். யாருடி அந்த ஆளு?”

சுவர் முழுக்க ஒரு இளைஞனின் முகம். கொழுகொழுவென்று, தலையைப் படிய வாரி. மேலே பெரிய எழுத்தில் ‘புயல்’. கீழே வரிசையாக எல்லாம் இருந்தது. இரண்டு கோப்பைகள். அதிகப் புள்ளிகள். அதிக ரீபவுண்டுகள். முறிந்த விரலோடு இறுதி ஆட்டத்தில் போட்ட கடைசிப் பந்து. ஒரு வரி விடாமல் நெட்டையின் நாலு வருஷ வாழ்க்கை, அவன் தாடைக்குக் கீழே.

அவளுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. விரல்தான் வலித்தது. அதற்கப்புறம் வந்தது பாருங்கள் கோபம், உச்சந்தலை வரைக்கும் வந்தது. நேரே அலுவலக மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

“சார், சுவத்துல இருக்கறது என்னோட ஆட்டம்.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “புயல்னு பேப்பர்ல போட்டிருந்தான். புயல் யாருன்னு பழைய ஆண்டு மலரைப் புரட்டிப் பாத்தேன். தலைவர் பையன் படம் இருந்துச்சு. அதைக் குடுத்தேன்.”

“அது அவரோட பழைய சட்டை சார். எங்களுக்கு நீங்க குடுத்தது. ஆடினது நான்.”

“பொண்ணுங்களும் ஆடுறீங்கன்னு தெரியும்மா. ஆனா இவ்வளவு ஆடுறீங்கன்னு எங்களுக்கு யாரு சொன்னா?”

கேட்டீர்களா கதையை. அவள் கொண்டுவந்த இரண்டு கோப்பைகளும் அந்த அலுவலக அலமாரியில்தான் இருக்கின்றன. ஒன்றின் மேல் மேலாளர் தன் குடையை மாட்டி வைத்திருந்தார்.

“சரி, இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல? மாத்திடுங்க சார்.”

“எப்படி மாத்தறது? அழைப்பு போயாச்சு. அந்தத் தம்பிதான் சிறப்பு விருந்தினர். படத்தைத் தலைவர் வீட்டுலயே பாத்துட்டாங்க, ரொம்பச் சந்தோஷம் அவங்களுக்கு. போய் அழிச்சிட்டோம்னு சொல்ல முடியுமா?”

“படத்தை அழிக்க வேணாம். அவர் படம் அங்கயே இருக்கட்டும். நான் ஆடினதை மட்டும் அழிங்க.”

“அதை அழிச்சா அப்புறம் கீழ ஒண்ணுமே இருக்காதேம்மா” என்றார் மேலாளர், உண்மையாகவே கவலைப்பட்டு.

பயிற்சியாளர் வெளி மைதானத்தில் சாய்ந்த வளையத்துக்குக் கீழே நின்றிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்கு எம்பக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். விரல் முறிந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். அவள் சொல்லி முடிக்கும் வரை தலையைத் தூக்கவே இல்லை. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது.

“அந்த மரத்தரைக்காக நான் எத்தனை வருஷம் அலைஞ்சேன்னு உனக்குத் தெரியும்” என்றார். “இப்ப நான் வாயைத் திறந்தா தலைவருக்குக் கோபம் வரும். விழா முடியட்டும். துறைமுகத்துக்காரர்கிட்ட நான் தனியாச் சொல்லிக்கிறேன்.”

“சுவத்துல அவர் பேர்ல எழுதிட்டு, தனியா என்ன சார் சொல்லுவீங்க? அவர் உங்களை நம்புவாரா, சுவத்தை நம்புவாரா?”

“கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. அணியோட நல்லதுக்குத்தான சொல்றேன்.”

“அந்தத் தரையில எங்களை ஆட விடுவாங்களா சார்?”

அவர் சாய்ந்த வளையத்தை அண்ணாந்து பார்த்தார். “பொண்ணுங்களுக்கு இந்த மைதானம் இருக்குல்ல” என்றார்.

அன்று இரவு வீட்டுக்குப் போனபோது அம்மா விழாவுக்கு உடுத்த வேண்டிய புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஊரார் துணியெல்லாம் தேய்த்த கை, தன் துணியை அவ்வளவு ஆசையாகத் தேய்த்ததை நெட்டை பார்த்ததில்லை. சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. காலையிலாவது சொல்லலாம் என்று நினைத்தாள். காலையில் அம்மா அவளுக்கு முன்னால் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள்.

விழாவுக்குப் பெண்கள் அணியை வெறும் வெள்ளைச் சட்டையில் வரச் சொல்லியிருந்தார்கள். ‘புயல்’ சட்டையை முந்தின வாரமே பயிற்சியாளர் மூலமாக வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அது இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. படத்தைத் திரை போட்டு மூடியிருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் சிறப்பு விருந்தினர் கோட்டும் சூட்டுமாக நின்று எல்லோரிடமும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்.

நெட்டை அவரிடமே போனாள். பெரிய இடத்துப் பிள்ளையானாலும் மனசாட்சி என்று ஒன்று இருக்கும் என்ற நம்பிக்கை. “அண்ணா, அதுல எழுதியிருக்கறது எல்லாம் என்னோடது. உங்களுக்கே தெரியும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

அவர் சிரித்தார். திமிர்கூட இல்லை அந்தச் சிரிப்பில், அதுதான் வயிற்றெரிச்சல். “விடும்மா. எங்கப்பா எத்தனை சந்தோஷமா இருக்காரு பாரு. என் சட்டையைத்தான நீ போட்டு ஆடுனே? அந்தப் பேர் என்னுதுதான?”

அதாவது வேர்வை இவளுடையது, முறிந்த விரல் இவளுடையது, துணி அவருடையது. ஆகவே கோப்பை அவருடையது. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

விழா தொடங்கியது. முன்வரிசையில் முதல்வர், தலைவர், அவர்களுக்குப் பக்கத்தில் துறைமுக அதிகாரி. பின்வரிசையில் ஓரமாக அம்மா. தொகுப்பாளர் ஒலிபெருக்கியில் சாதனைகளைப் படிக்க ஆரம்பித்தார். “நம் கல்லூரியின் பெருமை, இணையற்ற ஃபார்வர்ட், புயல்” என்றதும் அம்மா கைதட்டினாள். அந்தப் பெயரை நாலு வருஷமாகத் துவைத்துக் காயப்போட்டவள் அவள். ஒவ்வொரு வரிக்கும் தட்டினாள். முறிந்த விரல் என்று வந்தபோது பக்கத்தில் இருந்தவளிடம் திரும்பி ஏதோ சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்.

திரை விலகியது. அம்மாவின் இரண்டு கைகளும் பாதியில் நின்றன. படத்தைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள், யாரோ அவளை அதட்டிவிட்டது போல.

அதை நெட்டையால் பொறுக்க முடியவில்லை. வேறு எதை வேண்டுமானாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். அந்தக் கைகள் நின்றதை அவளால் பொறுக்க முடியவில்லை.

சிறப்பு விருந்தினர் புதுத் தரையில் முதல் பந்தைப் போட்டுத் திறந்துவைக்க வேண்டும். கீழே நின்று பந்து பொறுக்கிக் கொடுக்கிற வேலைக்குப் பெண்கள் அணியை நிறுத்தியிருந்தார்கள். மேலாளர் நெட்டையைத்தான் வளையத்துக்குக் கீழே போகச் சொன்னார். “நீதான் உயரமா இருக்கே” என்றார்.

விருந்தினர் எறிந்தார். பந்து பலகைக்கே போகவில்லை. நெட்டை எடுத்துக் கொடுத்தாள். மறுபடி எறிந்தார். வளையத்தின் விளிம்பில் பட்டு ஓடியது. எடுத்துக் கொடுத்தாள். கூட்டம் அதற்கும் கைதட்டியது. தொகுப்பாளர் விடாமல், “எத்தனை நெருக்கடியிலும் குறி தவறாதவர்” என்று படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பந்து பலகையில் மோதித் திரும்பியது. நெட்டை எம்பினாள். கையில் பந்து. கீழே இறங்குவதற்குள் அதைத் திருப்பி உள்ளே போட்டுவிட்டாள்.

வலை அசைந்தது.

“பந்தைக் குடும்மா” என்றார் விருந்தினர், கையை நீட்டிக்கொண்டு.

“குடுக்க மாட்டேன்” என்றாள் நெட்டை. பக்கத்தில் நின்ற தொகுப்பாளரின் மைக்கில் பட்டு அது அரங்கம் முழுக்கக் கேட்டது. “அந்தச் சுவத்துல இருக்கற ஒவ்வொரு பந்தையும் நான் போட்டேன். அவர் ஒரு ஆட்டத்துலயும் இறங்கினது இல்ல. தலைவருக்குக் கோபம் வந்தா வரட்டும். யாருக்காவது சந்தேகமா இருந்தா வந்து எங்கிட்டயிருந்து இந்தப் பந்தைப் பறிச்சுப் பாருங்க.”

முதல்வர் எழுந்து, “யாருப்பா அது, அந்தப் பந்தைப் பிடுங்குங்க” என்றார். மேலாளர் ஓடி வந்தார். நெட்டை அவர் தலைக்கு மேலே பந்தை மொட்டைக்கு வீசினாள். மொட்டை யாரையும் கேட்கவில்லை, வாங்கி இடியிடம் தட்டிவிட்டாள். அவ்வளவுதான், பெண்கள் அணி முழுக்க மரத்தரைக்குள் இறங்கிவிட்டது. மேலாளர் இந்தப் பக்கம் ஓடினால் பந்து அந்தப் பக்கம். எழுத்தர்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். அவர்களுக்கும் தண்ணி காட்டினார்கள். பளபளத்த தரையில் தோல் செருப்பு வழுக்கி, மேலாளர் உட்கார்ந்த வாக்கில் சறுக்கிக்கொண்டே போய்த் தலைவரின் நாற்காலி காலடியில் நின்றார். ஒவ்வொரு சுற்று முடிவிலும் பந்து நெட்டைக்கு வந்தது. அவள் எம்பினாள், போட்டாள். மொட்டை வேண்டுமென்றே தவறவிட்ட பந்தை இரண்டு பேருக்கு நடுவே எம்பி இடது கையால் தள்ளினாள். பின்வரிசை மாணவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள்.

துறைமுக அதிகாரி இதையெல்லாம் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பயிற்சியாளர் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. இதுல யாரு புயல்?”

தலைவர் பயிற்சியாளரைப் பார்த்தார். முதல்வர் பார்த்தார். பயிற்சியாளர் புதுத் தரையை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார்.

“அந்தப் பொண்ணுதான்” என்றார். “நாலு வருஷமா அந்தப் பொண்ணுதான். நேத்தே சொல்லியிருக்கணும்.”

“திங்கக்கிழமை காலையில எங்க மைதானத்துக்கு வரச் சொல்லுங்க. எதிர்ல ஆளை நிறுத்திப் பாக்கணும்” என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுந்து போனார். வேலை தருகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுவரில் படம் அப்படியேதான் இருந்தது. அதை அழிப்பதைப் பற்றிக் குழு கூடி யோசிக்கும் என்று முதல்வர் சொன்னார். நெட்டை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்துக் கைக்குள் சுருட்டிக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா உட்கார்ந்திருந்தாள். நெட்டைக்கு வாய் ஓயவில்லை. மேலாளரைத் திட்டினாள், முதல்வரைத் திட்டினாள், அந்தக் கோட்டுக்காரரைத் திட்டினாள். முன்சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

“நாலு வருஷம்மா. ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஒரு ஆட்டத்துக்காவது வந்து பாத்திருந்தா இது நடந்திருக்குமா? என் மூஞ்சி ஒருத்தருக்கும் தெரியல. நான் ஆடறப்ப அங்க உக்காந்து பாக்க எனக்குன்னு ஒருத்தர் இருந்தாங்களா?”

அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லா ஆட்டமும் இப்படித்தான் ஆடுவியா?” என்று கேட்டாள்.

“இதைவிட நல்லா ஆடுவேன்.”

“எனக்குத் தெரியாதுடி” என்றாள் அம்மா. “இன்னைக்குத்தான் பாக்கறேன். அப்ப என்னையும் சேத்துத் திட்டு.”

ஷிப்ட் இருந்ததே என்று நெட்டை சொல்ல நினைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. அம்மாவின் மடியில் கைகள் இரண்டும் சோப்பில் ஊறி வெளுத்துப்போய்க் கிடந்தன. நெட்டை அதில் ஒன்றை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ஏன் நிறுத்திட்டே?” என்றாள் அம்மா. “அந்த மேலாளர்ல இருந்து மறுபடி ஆரம்பி. நானும் சேர்ந்துக்கறேன்.”